டாட் இன்னா, டாட் பேங்க் டாட் இன்னா? இணையப் பெயரில் வகை எப்போது உதவும்

இணைய முகவரியின் வால் நிறுவனத்தின் வகையைச் சொல்ல வேண்டுமா? இந்தியாவின் டாட் இன் பதிவேட்டில் மூன்று ஏற்பாடுகள் அருகருகே இருக்கின்றன. வகையே இல்லாத நேரடி .இன் ஒன்று. வகை சொன்னாலும் யாரும் சரிபார்க்காத .கோ.இன் (நிறுவனம்), .ஆர்க்.இன் (அமைப்பு) போன்றவை இரண்டாவது. ஆவணம் பார்த்த பிறகே தரும் .கவ்.இன் (அரசு), .ஏசி.இன், .எடு.இன் (கல்வி), .பேங்க்.இன் (வங்கி) மூன்றாவது.

இரண்டாவதை எளிதில் ஒதுக்கிவிடலாம். .ஆர்க்.இன் வாங்க அறக்கட்டளைப் பத்திரம் கேட்பதில்லை. பணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும். வகை சொல்கிறதே தவிர, அதற்கு யாரும் பொறுப்பில்லை. 1984-இல் இணையப் பெயர் வகைகளின் முதல் பட்டியல் போட்டபோதே .ஆர்க் என்பது மற்ற வகைகளில் அடங்காதவர்களுக்கான இடம்தான். தொண்டு நிறுவனத்துக்கான முத்திரை என்பது பிறகு மக்கள் மனதில் படிந்தது. செலவும் இரட்டிப்பு: .கோ.இன் வாங்கிய கடை .இன்-ஐ வாங்காமல் விட்டால், அதே பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 2014-இல் நேரடி .யூகே திறந்தபோது, .கோ.யூகே வைத்திருந்த பலரும் இரண்டாவது பெயருக்கும் பணம் கட்ட வேண்டியதாயிற்று. ஆகவே கடை, சிறு நிறுவனம் என்றால் நேரடி .இன் போதும்.

என் சாய்வு மூன்றாவதன் பக்கம். காரணம் ஒன்றுதான்: வாசலில் சரிபார்க்க ஆள் நிற்கிறார். .ஏசி.இன், .எடு.இன் இரண்டையும் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான அரசு வலையமைப்பான எர்நெட் தருகிறது. அங்கீகார ஆவணமும் நிறுவனத் தலைவரின் கடிதமும் தயாராக வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். .பேங்க்.இன்-ஐ ரிசர்வ் வங்கி நிறுவிய வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐடிஆர்பிடி மட்டுமே தருகிறது, அதுவும் வங்கிகளுக்கு மட்டும். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாறிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. .எஸ்பிஐ என்று தனக்கே ஒரு வால் வைத்திருந்த ஸ்டேட் பாங்க் கூட விலக்கில்லை. வங்கிப் பெயரோடு 'கேஒய்சி' சேர்த்து ஒரு .இன் வாங்குவது மோசடிக்காரருக்குச் சில நிமிட வேலை; .பேங்க்.இன்-இல் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

ஆனால் முகவரியை வலது ஓரத்திலிருந்து படிக்கத் தெரிந்தவருக்கே இந்தக் காவல் உதவும். 'வங்கிப்பெயர்.பேங்க்.இன்.அப்டேட்.காம்' என்று ஒரு முகவரி வந்தால், அதன் உரிமையாளர் அப்டேட்.காம்-ஐ வைத்திருப்பவர்தான். கைபேசித் திரையில் நீண்ட முகவரியின் ஒரு பகுதி மறைந்துபோவதும் உண்டு. எத்தனை வாடிக்கையாளர் வாலைப் பார்க்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம்தான். செயலி வழியே போகிறவர் கண்ணில் முகவரியே படுவதில்லை.

ஒரு பெயரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கோளாறு வருவது பெரும்பாலும் பழைய பெயரில்தான். இணையதளத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 301 திருப்பல், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு, போட வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பினால் பழைய இணைப்புகள் வீண், தேடலிலும் சரிவு. பழைய பெயரிலிருந்து மின்னஞ்சல் அனுப்புவதை முழுக்க நிறுத்திய பிறகு, அதற்கு எஸ்பிஎஃப் பதிவில் (எந்தச் சேவையகங்கள் அந்தப் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்வது) யாருக்கும் அனுமதியில்லை என்ற பொருளில் '-ஆல்' என்றும், டிமார்க் கொள்கையில் (சோதனையில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்வது) நிராகரி என்ற பொருளில் 'ரிஜெக்ட்' என்றும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயரில் போலி அஞ்சல் பறக்கும். அதற்காகப் புதுப்பிக்காமல் விட்டுவிடவும் கூடாது. காலாவதியானதை வாங்குகிறவர் அஞ்சல் சேவையகத்தை இயக்கினால் போதும், பழைய முகவரிக்கு வரும் கடவுச்சொல் மீட்பு அஞ்சல்கள் எல்லாம் அவர் கைக்குப் போய்விடும். ஆக, புதுப் பெயரோடு பழைய பெயரின் ஆண்டுக் கட்டணத்தையும் நிரந்தரச் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

பள்ளி, கல்லூரி என்றால் முதல் நாளே .எடு.இன் அல்லது .ஏசி.இன்-க்கு விண்ணப்பிப்பது நல்லது. அங்கீகாரம் இன்னும் கைக்கு வரவில்லையா? நேரடி .இன்-இல் தொடங்குங்கள், ஆனால் ஊழியர் மின்னஞ்சல் முகவரிகளை அச்சடித்த விளம்பரத்தில் போடாதீர்கள், பிறகு மாற்றக் கடினமானவை அவைதான்.