வெள்ளைப் பளபளப்பா, மர ரேகையா?

ஐந்து வருடம் மினிமலிச (பொருளையும் அலங்காரத்தையும் முடிந்தவரை குறைக்கும் பாணி) வீட்டில் இருந்துவிட்டு, போன வருடம்தான் மிட்-செஞ்சுரி (1950-களை ஒட்டிய, மரம் தெரியும் பாணி) அலங்காரத்துக்கு வந்தேன். அதனால் என் தராசு மரத்தின் பக்கம்தான் சாயும்.

இரண்டுக்கும் வேர் ஒன்று. 1919-ல் ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில்தான் மார்செல் ப்ராயர் 1925 வாக்கில் எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி செய்தார். பின்லாந்தின் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ வளைப்பதற்கு எஃகை விட்டு பிர்ச் மரத்தை எடுத்தார். 1933-ல் அவர் வடிவமைத்த மூன்று கால் ஸ்டூல் இன்றும் தயாராகிறது. மரம் அந்த வழியே மிட்-செஞ்சுரிக்கு வந்தது. இருப்பதையும் கழித்துக்கொண்டே போன கிளை மினிமலிசம்.

வெளிச்சம், இடவசதி இரண்டிலும் உண்டு. சின்ன அறைக்கு மினிமலிசம்தான் பொருத்தம், அதை மறுக்க மாட்டேன்.

என்னை மாற்றியது பராமரிப்பு. கைப்பிடியில்லாத வெள்ளைக் கதவுகளில் விரல் ரேகை பதியாத நாளே இல்லை. அதைத் துடைத்துவிடலாம். சிங்க் அருகே ஒரு கதவின் முனையில் நகக்கண் அளவு லாக்கர் பூச்சு பெயர்ந்தது. உள்ளே இருந்த எம்.டி.எஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) தண்ணீர் குடித்து அப்பளம் போல உப்பிவிட்டது. உப்பியது திரும்ப அமுங்காது, கதவையே மாற்றினோம். பழைய கதவுகள் அதற்குள் லேசாக மஞ்சளித்திருந்ததால் புதுக் கதவு தனியாகத் தெரிந்தது, கடைசிவரை.

இப்போதுள்ள சாப்பாட்டு மேசையிலும் டம்ளர் வளையம் விழுந்தது. ரேகை ஓடும் திசையிலேயே 240 நம்பர் உப்புத்தாள், பிறகு 320, மேலே ஆளிவிதை எண்ணெய். வளையம் போன இடம் எனக்கே தெரியவில்லை. (எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.)

செங்கல்லும் குழாயும் தெரியும் இண்டஸ்ட்ரியல் பாணியில் நான் குடியிருந்ததில்லை. நண்பர் வீட்டில் பார்த்தவரை குழாய்களின் மேல் தூசி படிகிறது, ஏணி இல்லாமல் துடைக்க முடியவில்லை. அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

மரத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தப் பாணியில் விற்பதில் நிறைய வெனீர், அதாவது மலிவான பலகை மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு. அதன் மேல்தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அழுத்தித் தேய்த்தால் அடிப்பலகை தெரிந்துவிடும். வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள். மேல்பலகையின் ரேகை வெட்டுமுகத்திலும் தொடர்ந்தால் முழு மரம். தனிப்பட்டை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் வெனீர்தான். அதில் உப்புத்தாளை வைக்காதீர்கள்.