தொகுப்பா, தனிப்படமா? ஒரு ஸ்டூடியோவின் விலைப்பட்டியல்

பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்காக மதுரையில் குடும்பப் படம் எடுத்துக்கொண்ட ஸ்டூடியோவில், விளக்கொளியையும் பின்னணியையும் விட என்னைக் கவர்ந்தது அதன் விலைப்பட்டியல். படம் எடுக்கும் கட்டணத்தையும் பிரிண்ட் விலையையும் தனித்தனியாக எழுதி, முன்பணம் வாங்குவதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுகிறார்கள். பல இடங்களில் படத்தைக் காட்டி ஆசையைக் கிளப்பிய பிறகுதான் விலையைப் பற்றிப் பேச்சே எடுப்பார்கள்.

12×18 அங்குலப் படம் ஒன்று, 8×12 இரண்டு, 4×6 எட்டு ஆகியவை சேர்ந்த தொகுப்பின் விலை 2,400 ரூபாய். தனித்தனியாக வாங்கினால் பெரியது 1,200, நடுத்தரம் 500, சிறியது 60 என மொத்தம் 2,680 ஆகிறது. ஆனால் பெரியது ஒன்றும் நடுத்தரம் இரண்டும் தனியாக 2,200தான் என்பதால், சிறிய படங்கள் மூன்று போதும் என்பவர்களுக்குத் தனி ஆர்டரே மலிவு. நான்காவதிலிருந்துதான் தொகுப்பு லாபம். உறவினர் கூட்டம் பெரிதென்றால் யோசிக்கவே வேண்டாம்.

அளவுத் தேர்வும் பாராட்டத்தக்கது. கேமராவில் பதியும் படம் 3:2 விகிதத்தில் இருப்பதால் மேற்சொன்ன மூன்று அளவுகளிலும் முழுப் படமும் அச்சாகும். 8×10 கேட்டாலோ நீளத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்பட்டு, ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் தோள் போய்விடும். இதைக் கணினித் திரையில் கோடு போட்டே காட்டினார் கல்லாவில் இருந்தவர்.

தொகுப்பிலுள்ள எல்லாப் பிரிண்டுகளும் ஒரே படமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் நியாயமாகப் படவில்லை. பிரேமுக்கும் டிஜிட்டல் கோப்புக்கும் தனி விலை. அதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளவும்.