ஜானகி அம்மாள் ரோஜா வாங்கினேன், பேர்தான் முதல் காரணம்

ஆன்லைன் நர்சரில ஒரு செடி ஆர்டர் பண்ணேன், பேக்கிங் சுமார்தான், தொட்டி மண்ணு பாதி அட்டைப் பெட்டிக்குள்ளயே கொட்டிக் கெடந்துச்சு, ரெண்டு கிளை முறிஞ்சும் போச்சு. ஆனா மூணாவது மாசம் மஞ்சள்ல முதல் மொட்டு விரிஞ்சதும் கோவம் எல்லாம் போயிருச்சு.

கொடைக்கானல்ல ரோஜாக்களைக் கலப்பு பண்ணி புது ரகம் எடுக்குற வீரராகவன் தம்பதி உருவாக்குன ரகம் இது. இந்தப் பேரு தாவரவியல் விஞ்ஞானி இ.கே. ஜானகி அம்மாளோடது. தலச்சேரில 1897ல பொறந்து, மெட்ராஸ்ல படிச்சு, மிச்சிகன்ல 1931லயே டாக்டரேட் வாங்கி, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல கரும்பை மத்த புல் வகைகளோட கலப்பு பண்ணிப் பாத்தவங்க. அப்புறம் இங்கிலாந்து போயி டார்லிங்டன்ங்கிற மரபியல் விஞ்ஞானி கூட சேந்து பயிர்களோட குரோமோசோம் (செல்லுக்குள்ள மரபணுக்களைத் தாங்குற இழை) எண்ணிக்கையெல்லாம் தொகுத்து 1945ல புத்தகமாப் போட்டாங்க, விஸ்லி தோட்டத்துல கோல்ச்சிசின் மருந்து வச்சு மேக்னோலியாவுக்கு குரோமோசோமை ரெட்டிப்பாக்குனாங்க, அந்த மரங்கள் இன்னும் அங்க பூக்குதாம். நம்ம ஊர்ல பாதிப்பேருக்கு இவங்க பேரே தெரியாது, அதான் எரிச்சலா இருக்கு.

இலைல கரும்புள்ளி வருது, அதனால மொட்டை மாடின்னா காலைல மட்டும் தண்ணி ஊத்துங்க. செடிக்கு நாலரை, டெலிவரிக்கு ரெண்டு ஸ்டார்.