பிரட்றிக் கோட்டையா, சீனன்குடா எண்ணெய்க் குதங்களா?

திருகோணமலையில் பழைய படைத்தளம் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குச் சுலபமானது பிரட்றிக் கோட்டை. கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதையே அதற்குள்ளால்தான். 1624இல் போர்த்துக்கேயர், தாங்கள் இடித்த அந்தக் கோயிலின் கற்களையே எடுத்துக் கட்டினார்கள். மரநிழலில் மான்கள் திரியும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் கைவிடப்பட்ட தளம் என்று சொல்ல முடியாது: இராணுவம் இன்னும் உள்ளே இருக்கிறது, பாதையை விட்டு விலக வழியில்லை.

உண்மையில் பாழடைந்ததைத் தேடுகிறீர்களா? அப்போ திருகோணமலையிலேயே உள்ள சீனன்குடாதான். பிரித்தானியர் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 மிஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளும். தாங்கித் தொகுதியின் கீழ்ப்பகுதியை இந்திய எண்ணெய் நிறுவனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசி பயன்படுத்துகிறது. மேற்பகுதியோ பல தசாப்தங்களாகக் காடு மூடித் துருப்பிடித்துக் கிடந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானியர் குண்டு வீசியபோது விமானம் ஒன்று 91ஆம் இலக்கத் தாங்கியில் மோதியது. எரிந்து உருகிய அந்த இரும்புக்கு முன்னால் கோட்டை மதில் எனக்குச் சாதாரணமாகத்தான் தெரிகிறது.

சிக்கல் அனுமதிதான். அது இல்லாமல் வேலி தாண்டும் யோசனையே வேண்டாம். காவலாளியிடம் தப்பினாலும் பற்றைக்குள் பாம்பு இருக்கும், உக்கிய தகடு கால் வைத்தால் தாங்காது.