தடித்த சோல் ஷூ வாங்குமுன் பெட்டியில் உள்ள தேதியைப் பாருங்கள்

தியாகராய நகர், புரசைவாக்கம், அண்ணா நகர் என்று கடை கடையாக ஏறி இறங்கி, இப்போது இளைஞர்கள் விரும்பி அணியும் அந்தத் தடித்த சோல் வைத்த ஷூவை வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் உற்பத்தி மாதத்தையும் ஆண்டையும் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அந்த இடத்தை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தால், ஷூ எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடையின் மீது நாங்கள் கொடுத்த புகார் இன்னும் முடியவில்லை என்பதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நடந்ததை மட்டும் உள்ளபடி சொல்கிறேன்.

பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த என் அக்கா மகள், முதல் சம்பளத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஏதேனும் வாங்கிக் கொடுத்த பிறகு, தனக்கென்று வாங்கிக்கொண்டது ஒரு ஜோடி ஷூ மட்டும்தான். பாண்டி பஜாரை ஒட்டிய தெரு ஒன்றில், வாசலிலேயே கண்ணாடி அலமாரி வைத்து விளக்குப் போட்டிருக்கும் கடை அது. கிரீம் நிறம், பக்கவாட்டில் அலை அலையாக வெட்டிய சோல், குதிகால் பக்கம் ஏறக்குறைய இரண்டு அங்குல உயரம். "இப்பதான் வந்த மாடல் மேடம், கொரியன் ஸ்டைல், அடுத்த வாரம் வந்தீங்கன்னா சைஸ் கிடைக்காது" என்று விற்பனையாளர் சொல்ல, 3,499 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தாள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது, பணம் வாபஸ் கிடையாது என்று ரசீதின் அடியில் முத்திரை குத்தியிருந்தார்கள்.

வாங்கிய சில நாட்களிலேயே, அலுவலகம் செல்லும் வழியில், கிண்டி ரயில் நிலையத்தின் நடைமேம்பாலப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது, வலது ஷூவின் குதிகால் பகுதி காலுக்கு அடியிலேயே நொறுங்கியது. மழை இல்லை, தண்ணீர் தேங்கவில்லை, அவள் ஓடவும் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் உருண்டு விழாமல் தப்பினாளே தவிர, கணுக்கால் மடங்கிவிட்டது. கீழே பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தம் முக்காலியை நகர்த்தி உட்கார வைத்திருக்கிறார். மாலையில் நான் அந்த ஷூவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளியே தெரியும் விளிம்பு கிரீம் நிறத்தில் புத்தம் புதிதாக இருந்தது. ஆனால் உடைந்த இடத்தில் உள்ளே இருந்த நுரை பழுப்பேறி, தொட்டால் டீயில் ஊறிய ரஸ்க்கைப் போல உதிர்ந்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. உடையாத இடது ஷூவிலும் சோல் வளையும் இடத்தில் மயிரிழையாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. தசைநார் இழுபட்டிருப்பதாகச் சொல்லி மருத்துவர் கட்டுப் போட்டு ஓய்வெடுக்கச் சொன்னார். வேலையில் சேர்ந்த புதிதிலேயே சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று.

இதைக் கேள்விப்பட்ட உறவினர்களில் பெரும்பாலோர், கடைக்காரர் என்ன சொன்னார் என்று கேட்பதற்கு முன்பே, "அந்தக் கண்றாவியை யார் வாங்கச் சொன்னது?" என்றுதான் கேட்டார்கள். காலில் கட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கு மனம் ஆறவில்லை. துணிச்சலான புதிய பாணி ஒன்றை விரும்பியதையே குற்றமாக்கிவிட்டால், பழைய சரக்கைப் புதிது என்று சொல்லித் தலையில் கட்டியவர் சுலபமாகத் தப்பித்துவிடுகிறார். தடித்த சோல் ஒன்றும் நேற்று முளைத்த விபரீதமும் அல்ல. 1930களில் இத்தாலியில் சால்வடோர் ஃபெரகாமோ என்ற காலணி வடிவமைப்பாளர் தக்கையை வைத்து உயரமான அடிப்பாகங்களைச் செய்தார். 1970களில் பெல்பாட்டத்தோடு உயர்ந்த சோல் ஷூ அணிந்து ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்ட சித்தப்பாக்களும் மாமாக்களும் நம் வீட்டு ஆல்பங்களிலேயே இருக்கிறார்கள். 2017இல் பலென்சியாகா நிறுவனம் டிரிபிள் எஸ் என்ற பருமனான ஷூவை வெளியிட்ட பிறகு, அந்தப் பருமன் மறுபடியும் உலகெங்கும் பரவி, கடைசியில் நம் ரங்கநாதன் தெரு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

புதிதாக வரும் எல்லாமே எனக்குப் பிடித்துவிடுகின்றன என்று சொல்லவரவில்லை. மார்ட்டின் மார்ஜியேலா என்ற பெல்ஜிய ஆடை வடிவமைப்பாளர் 1988இல் அறிமுகப்படுத்திய, கட்டைவிரலைத் தனியாகப் பிரித்துக் காட்டும் டாபி காலணி ஜப்பானியக் காலுறையிலிருந்து வந்தது என்று தெரிந்தும், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் உறுத்தவே செய்கிறது. 2023இல் எம்.எஸ்.சி.எச்.எஃப். என்ற அமெரிக்கக் குழு 350 டாலருக்கு விற்ற பெரிய சிவப்பு பூட்ஸைச் சென்னை வெயிலில் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தடித்த சோலுக்கு இந்த ஊரில் உண்மையான பயன் இருக்கிறது. இப்போதைய அகலமான கால்சட்டைகளின் விளிம்பு தரையில் புரளாமல் தூக்கிப்பிடிக்கிறது, ஐப்பசி மழையில் தெருவோரச் சேற்றிலிருந்து பாதத்தை உயர்த்திவைக்கிறது, உயரம் குறைந்த பெண்களுக்குக் குச்சிக் குதிகாலின் தொல்லை இல்லாமல் உயரத்தையும் தருகிறது. அக்கா மகளுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. அந்த ஷூவோடு அவள் நடந்த நடையில் ஒரு மிடுக்கு இருந்ததை நான் பார்த்தேன். அவளுடைய ரசனையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை எங்கே இருந்தது என்பதை எங்களுக்குக் காட்டியவர் மாம்பலம் ரயில் நிலையத்துக்கு அருகே உட்கார்ந்து செருப்புத் தைக்கும் பெரியவர். சோலை ஒட்டித் தர முடியுமா என்று கேட்டு ஷூவை நீட்டியபோது, அவர் கட்டைவிரலால் சோலை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது பி.யூ. சோலும்மா. பெட்டியிலேயே கிடந்து செத்துப்போன மாலு. பேஸ்டிங் பண்ணாலும் நிக்காது, தையல் போட்டா நூலுதான் மிஞ்சும். பொட்டியில வருஷம் பாத்தீங்களா?" என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் தெளிவான வேதியியல் இருக்கிறது. இரண்டு அங்குல உயர சோலைக் கெட்டி ரப்பரில் செய்தால் கால் தூக்க முடியாத எடை வந்துவிடும் என்பதால், காற்றுக் குமிழிகள் நிறைந்த நுரைப்பொருளில்தான் இவற்றை வார்க்கிறார்கள். அதில் அதிகம் புழங்குபவை இரண்டு: ஈ.வி.ஏ. எனப்படும் எத்திலீன் வினைல் அசிடேட், பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன். பாலியூரித்தேன் மெத்தென்று, கால் நோகாமல் இருக்கும். ஆனால் அதன் பாலியெஸ்டர் வகை காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உள்வாங்கி, எஸ்டர் பிணைப்புகள் அறுபட்டு, சில ஆண்டுகளில் தானாகவே நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். நீராற்பகுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான். யாரும் அணியாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாலும் இது நின்றுவிடாது. வெப்பமும் ஈரமும் கூடக்கூட வேகம் பிடிக்கும். கடற்காற்று வீசும் சென்னையில், காற்றோட்டமில்லாத கிடங்குகளில் அடுக்கிவைத்த சரக்கு என்ன கதிக்கு ஆளாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஈ.வி.ஏ. நுரைக்கு இந்தக் குறை கிடையாது. ஆகவே பி.யூ. சோல் மோசமான பொருள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. புதிதாக வாங்கி அணிந்து தேய்ப்பவர்களுக்கு அது நல்ல சோல்தான். பல ஆண்டுகள் கிடந்ததைப் புதிய வரவு என்று விற்பதுதான் மோசடி.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை எடுத்துப் பார்த்தோம். பக்கவாட்டில் விலையோடு நடப்பு ஆண்டைக் காட்டும் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அதன் ஓரம் சற்றே எழும்பியிருந்ததால், படம் பிடித்துக்கொண்டே நகத்தால் மெதுவாக உரித்தபோது, அடியில் தொழிற்சாலையில் அச்சிட்ட எழுத்தில் 2019ஆம் ஆண்டும், இப்போது கொடுத்த விலையைவிடக் குறைந்த விலையும் தெரிந்தன. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, பெட்டியில் இருக்க வேண்டிய விவரங்களை மாற்றுவதற்காகத் தனி ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. விலையைக் குறைப்பதற்காக ஒட்டலாம். அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் இதைக் கண்காணிக்க வேண்டியது தொழிலாளர் துறை என்பது பலருக்குத் தெரியாததால், இப்படிப்பட்ட புகார்கள் உரிய இடத்துக்குப் போவதே இல்லை.

கடைக்குச் சென்றபோது மேலாளர் முதலில் நொறுங்கிய சோலைப் பார்க்கக்கூட மறுத்தார். பிறகு, "மழைத் தண்ணியில போட்டா எந்த ஷூவா இருந்தாலும் இப்படித்தான் மேடம் ஆகும்" என்றார். மழையே இல்லையே என்றதும், "ஃபேன்சி ஐட்டத்துக்கெல்லாம் கேரண்டி கிடையாது, பில்லுலயே போட்டிருக்கோம்" என்று முத்திரையைக் காட்டினார். எங்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு கல்லூரிப் பெண் கையிலிருந்த பெட்டியை வைத்துவிட்டு வெளியேறியதைப் பார்த்த பிறகுதான் அவர் குரல் தணிந்தது. அடுத்த ஜோடி வாங்கினால் விலையில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

ரசீதில் குத்தும் அந்த முத்திரைக்குப் பயந்து திரும்பி வந்துவிடுபவர்கள் ஏராளம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே வரையறுத்திருக்கிறது. ரசீதில் கால அளவு எதுவும் குறிப்பிடாவிட்டால் முப்பது நாட்கள் என்று அதே பிரிவு சொல்கிறது. ரசீதே தராமல் இருப்பதும் அந்த வரையறைக்குள் அடங்கும். பொருள் பிடிக்கவில்லை, நிறம் ஒத்துவரவில்லை என்று திருப்புவது வேறு விஷயம். காலுக்கு அடியில் நொறுங்கும் சோலுக்கு அந்த முத்திரை எந்தப் பாதுகாப்பும் தராது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்தோம். அதன் பிறகு கடையிலிருந்தே தொலைபேசி வந்தது. முழுப் பணத்தையும் தந்துவிடுவதாகவும், அதற்கு ஷூவையும் பெட்டியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, குறை எதுவுமில்லை என்று எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார்கள். இந்த இடத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. உரித்த ஸ்டிக்கரோடு உள்ள பெட்டிதான் நம் கையில் இருக்கும் ஒரே உறுதியான சான்று. அதைக் கொடுத்துவிட்டால் மருத்துவச் செலவைப் பற்றியோ இழந்த சம்பளத்தைப் பற்றியோ பிறகு பேச வழியிருக்காது. ஆகவே மறுத்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிட்டிருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ருதியின் வழியாக வீட்டிலிருந்தபடியே அனுப்பவும் முடிகிறது.

போன வாரம் அந்தத் தெரு வழியாகச் சென்றபோது, அதே கிரீம் நிற ஷூ அதே கண்ணாடி அலமாரியில், விளக்கு வெளிச்சத்தில், இப்போது தள்ளுபடி அட்டையோடு நிற்பதைப் பார்த்தேன். இன்னும் எத்தனை பேருக்கு அதை விற்றிருப்பார்களோ என்ற கவலையில்தான் இந்தப் பதிவை இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

வாங்கப் போகிறவர்கள் சோல் எந்தப் பொருளால் ஆனது என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியவில்லை என்றால் பெட்டியிலோ நாக்குப் பட்டையிலோ எழுதியிருக்கிறதா பாருங்கள். சோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பள்ளம் அப்படியே நின்றாலும், வளைக்கும்போது நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தாலும், வெள்ளை சோல் சீரில்லாமல் மஞ்சளாகியிருந்தாலும் வாங்காதீர்கள். 2024 ஆகஸ்ட் 1 முதல் பல வகைக் காலணிகளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் இருப்பதால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதனுடன் உள்ள உரிம எண் உண்மையானதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்க முடியும். ஏற்கெனவே இந்த வகை ஷூவை வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள், படிக்கட்டு ஏறும் நாளில் அணிவதற்கு முன், இரண்டு ஷூக்களையும் வளைத்துப் பார்த்துவிடுங்கள். நொறுங்கியிருந்தால் உதிர்ந்த துகளையும் ஒரு கவரில் போட்டு, ரசீது, பெட்டி, பணம் செலுத்திய விவரம், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஆணையத்தில் முறையிடுவதற்கு இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் இருக்கிறது.