பைக்குக்கு ஸ்பீக்கர்: ஹேண்டில்பார் செட்டா, மரைன் செட்டா?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் 40 கிலோமீட்டர்தான். முள்ளக்காடு வந்தாலே சாலையோரம் உப்பளங்கள், கோபுரம் போல உப்புக் குவியல்கள். நானும் மனைவியும் புல்லட்டில் அடிக்கடி போகிற வழி. பாட்டுக் கேட்டுக்கொண்டே போகலாமே என்று ஆசைப்பட்டு, நான்கு வருடத்தில் இரண்டு செட் வாங்கிவிட்டேன். முதலாவது, ஹேண்டில்பாரில் கிளாம்ப் வைத்து முடுக்குகிற புளூடூத் செட். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே டப்பாவுக்குள். இப்போது ஓடுவது படகுகளுக்கென்று செய்கிற மரைன் ஸ்பீக்கர், 4 இன்ச் ஜோடி. ஆம்ப்ளிஃபயர் தனியாகச் சீட்டுக்கு அடியில். எது நல்லது என்று கேட்டால் மரைன் என்றுதான் சொல்வேன். ஆனால் காரணம் சத்தம் இல்லை.

சத்தத்தை முதலிலேயே முடித்துவிடலாம். 50 கிலோமீட்டர் வேகம் வரை இரண்டுமே நன்றாகக் கேட்கும். 70-ஐத் தாண்டினால் காற்றின் இரைச்சலுக்கு முன்னால் இரண்டுமே தோற்றுவிடும். வாட் கூடினால் சரியாகும் என்று எண்ண வேண்டாம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல்; கூர்ந்து கேட்டால்தான் வித்தியாசமே தெரியும். என் முதல் செட்டின் அட்டைப் பெட்டியில் '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே வந்த ஃபியூஸோ 3 ஆம்பியர். 12 வோல்ட்டை 3-ஆல் பெருக்கினால் 36 வாட். மீதி 964 வாட்டும் அட்டைப் பெட்டியோடு போயிற்று.

விலையிலும் மாட்டுகிற வசதியிலும் ஹேண்டில்பார் செட்டுக்குத்தான் வெற்றி. கால் மணி நேர வேலை, வண்டியில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். மரைன் செட்டுக்கு எனக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு செலவு. ஸ்பீக்கரை உட்கார வைக்கும் டப்பா, அதைத் தாங்கும் பட்டை என்று லேத் பட்டறைக்கு இரண்டு முறை அலைந்தேன். வீட்டில் திட்டும் வாங்கினேன்.

கடைசியில் தீர்மானித்தது உப்புதான். எங்கள் ஊரில் மழையைவிட இதுதான் பெரிய எதிரி. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். அடுப்படியில் உப்பு ஜாடி நீர்த்துப்போகிறதே, அதேதான். வயர் முனையில் படிந்த உப்புத் தூசி, ஒரு சொட்டு மழை இல்லாத மாதத்தில்கூட ராத்திரியில் ஈரமாகிவிடும். செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். ஸ்பீக்கருக்குள் காந்தத்தை ஒட்டிய இரும்பு துருப்பிடித்து, அந்தத் துகள் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) அசைகிற குறுகிய இடைவெளியில் விழுந்தால் கரகரப்பு தொடங்கிவிடும்.

'ஐபி 67 போட்டிருக்கிறதே' என்பார்கள்; தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்கிற தர எண் அது. நானும் அதை நம்பித்தான் வாங்கினேன். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்து அசையாத தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். பீய்ச்சி அடிக்கிற தண்ணீருக்கான சோதனை 5-ம் 6-ம். 7-இல் தேறியது அவற்றிலும் தேறியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஓடுகிற வண்டியில் எதிரே வந்து அறைகிற ஐப்பசி மழை எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை. தவிர அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புக்கு அதில் பதில் கிடையாது.

இன்னொன்றை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். மூடிய டப்பா மூச்சு விடும். வெயிலில் நிறுத்திய வண்டியில் உள்ளே இருக்கிற காற்று சூடாகி விரியும், கொஞ்சம் வெளியேறும். திடீரென்று மழை பெய்து டப்பா குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறையும். ரப்பர் ஓரத்தில் நிற்கிற தண்ணீரை டப்பாவே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போனது எளிதில் வெளியே வராது.

முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒரு பக்கம் கரகரத்தது. இனி தண்ணீர் எப்படிப் போகும் பார்க்கலாம் என்று விளிம்பு முழுக்க சிலிக்கான் பசை அடித்தேன். இரண்டே மாதம், சுத்தமாக நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி டப்பாவை அறுத்துத் திறந்து மோந்து பார்த்தார். "பாத்ரூமுக்கு அடிக்கிறதையா அடிச்சு வச்சிருக்கீங்க தம்பி? இது செம்பைத் தின்னுருமே!" வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும்; ஏற்கெனவே ஈரம் இருந்த டப்பாவை நானே அமிலத்தோடு பூட்டி வைத்திருக்கிறேன். வாடை வராத 'நியூட்ரல் க்யூர்' வகை தனியாகக் கிடைக்கிறது, மின்சார வேலைக்கு அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். செட்டைக் குறை சொல்ல முடியாது, தப்பு என்னுடையது. ஆனால் பிரித்துத் துடைத்து மாட்டும்படி அது இருந்திருந்தால் சிலிக்கானைத் தொட்டிருக்கவே மாட்டேன். ஆம்ப்ளிஃபயர் போனதால் நன்றாக இருந்த இன்னொரு ஸ்பீக்கரும் குப்பைக்குத்தான் போனது.

மரைன் ஸ்பீக்கரில் அதிர்ந்து சத்தம் எழுப்புகிற கோன் பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக், சுற்றுவிளிம்பு ரப்பர். சாதாரண கார் ஸ்பீக்கரின் காகிதக் கோன் ஈரத்தில் ஊறிவிடும், ஃபோம் விளிம்பு சில வருடத்தில் பொடிந்து உதிரும். (மெக்கானிக்குகள் பழைய கார் ஸ்பீக்கரை மாட்டித் தருவதாகச் சொல்வார்கள். உள்ளூர் உலாவுக்குச் சரி, கடற்கரைக்கு வேண்டாம்.) ஜேபிஎல், கிக்கர், ராக்ஃபோர்ட் ஃபாஸ்கேட் எல்லாருமே மரைன் வகை செய்கிறார்கள். எனக்குப் பெயரைவிட முக்கியமானது நான்கு ஸ்க்ரூவில் கழன்று வருகிறதா என்பது. ஸ்க்ரூவும் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். சாதாரண 304 ரகம் எங்கள் ஊரில் பழுப்புப் புள்ளி போட்டுவிடுகிறது. 316-இல் சேர்ந்திருக்கிற மாலிப்டினம்தான் உப்பைத் தாங்குவது.

மாட்டும்போது தண்ணீர் வராமல் தடுப்பதைவிட, வந்த தண்ணீர் வெளியே போக வழி செய்தேன். ஸ்பீக்கர் முகம் கொஞ்சம் கீழ்நோக்கி. டப்பாவின் அடியில் 3 மில்லிமீட்டர் துளை. மூச்சும் அதன் வழியே, தண்ணீரும் அதன் வழியே. வெள்ளீயம் பூசிய செம்பு வயர். இணைப்புகளைக் கிரிம்ப் செய்து (நசுக்கிப் பிடிக்க வைத்து), சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டோம். கறுப்பு டேப் சுற்றவே இல்லை, சித்திரை வெயிலில் அது பிசினாக வழியும். டெர்மினலில் சிலிக்கான் கிரீஸ். வயர் ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைவதற்கு முன்னால் கீழே ஒரு தொங்கல் விட்டால் வழிந்து வருகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கரண்ட் பேட்டரியிலிருந்து நேராக, பக்கத்திலேயே ஃபியூஸ், சாவியோடு அணைகிற ரிலே. வண்டியின் சொந்த வயரிங்கை வெட்டவில்லை. வெட்டினால் பிறகு வாரண்டி கேட்கும்போது பேச வாயிருக்காது. இஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கும் ஆசையும் வேண்டாம். 8 ஆம்பியர்-மணி பேட்டரி 3 ஆம்பியர் இழுப்பில் கணக்குப்படி மூன்று மணி நேரம்கூட வராது. வண்டி கிளம்பாமல் போவது அதற்கும் முன்னாலேயே நடக்கும்.

பராமரிப்பு என்றால், கடற்கரைப் பயணம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்து, கிரீஸ் வைத்து மூடுகிறேன். வாட்டர் வாஷுக்கு விட்டால் ஸ்பீக்கர் மேல் கவர் போட்டுவிட்டுத்தான் நகர்வேன். போன கார்த்திகையில் இடது பக்க டெர்மினலில் பச்சை தெரிந்தது. தேய்த்துவிட்டு இருபது ரூபாய்க்கு கனெக்டர் மாற்றினோம். பழைய செட்டாக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும்.

ஆனால் என் அனுபவம் காற்றுத் தடுப்பு இல்லாத ஒரே வண்டியோடு சரி. ஹோண்டா கோல்டு விங் மாதிரி முன்னால் பெரிய கவசம் உள்ள வண்டியில் சத்தக் கணக்கே வேறாக இருக்கலாம். மரைன் செட்டுக்கும் என்னிடம் இரண்டு மழைக்காலம்தான் வயது. ஹெல்மெட்டுக்குள் வைக்கிற ஸ்பீக்கரை நண்பனிடம் வாங்கி இரண்டு நாள் ஓட்டினேன். 80-இலும் தெளிவாகக் கேட்டது, தனியாக ஓட்டுகிறவர் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பின்னால் இருக்கிற மனைவிக்குத்தான் ஒன்றும் கேட்காமல் போயிற்று, எனக்கும் லாரி ஹாரன் ஒருமுறை தாமதமாகக் கேட்டது.

மதுரை மாதிரி கடல் எட்டாத ஊராக இருந்து, மழையில் வண்டியே எடுக்காதவர் என்றால் ஹேண்டில்பார் செட்டே போதும், மூன்று மடங்கு கொடுக்காதீர்கள். எது மாட்டினாலும் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டருக்குள் பாட்டை நிறுத்திவிடுங்கள், அமைதி மண்டலத்தில் பாட்டு வைப்பது சட்டப்படியே குற்றம். எனக்கு அதற்காக இடது கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் அண்ணாச்சி ஒரு மியூட் சுவிட்ச் வைத்துத் தந்திருக்கிறார். அதற்கும் ரப்பர் தொப்பி போட்டுத்தான்.