விற்றவருக்கு உரிமை திரும்புமா? ஜெர்மன் மொழி நாடுகளின் சட்டக் கிளைகள்

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளிலும் சட்டத்தைத் தனியார் சட்டம் (தனிமனிதர்களுக்கு இடையிலானது), பொதுச் சட்டம் (அரசைச் சார்ந்தது), குற்றவியல் சட்டம் என்றே பிரித்துக் கற்பிக்கிறார்கள். தண்டிக்கும் அதிகாரம் அரசுடையது என்பதால் குற்றவியல் சட்டம் கோட்பாட்டளவில் பொதுச் சட்டத்தைச் சேர்ந்ததே. ஆயினும் நடைமுறையில் அது தனிக் கிளையாகவே நிற்கிறது.

பொதுச் சட்டத்தில் வேறுபாடு நீதிமன்ற அமைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. ஜெர்மனியில் உரிமையியல், குற்றவியல் வழக்குகளுக்குக் கார்ல்ஸ்ரூவேயிலும், நிர்வாக வழக்குகளுக்கு லைப்சிக்கிலும், தொழிலாளர், சமூகக் காப்பீடு, வரி வழக்குகளுக்கு வேறு மூன்று நகரங்களிலும் தனித்தனி உச்ச நீதிமன்றங்கள் உள்ளன. சுவிட்சர்லாந்தில் எல்லாக் கிளைகளுக்கும் மேலே கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றே இருக்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டிலும் அரசமைப்பு நீதிமன்றம் நாடாளுமன்றச் சட்டத்தையே செல்லாததாக்கலாம். சுவிஸ் நீதிமன்றமோ, அரசமைப்புக்கு முரணான கூட்டாட்சிச் சட்டத்தையும் பொதுவாகப் பின்பற்றியே தீர வேண்டும். குடிமக்களின் அடிப்படை உரிமையைப் பொறுத்தவரை இதை ஒரு குறையாகவே நான் கருதுகிறேன்.

தனியார் சட்டத்தில்தான் ஒப்பீடு ஆழமாகிறது. ஆஸ்திரிய உரிமையியல் சட்டத் தொகுப்பு 1812-லும், ஜெர்மன் தொகுப்பு 1900-லும், சுவிஸ் தொகுப்பு 1912-லும் நடைமுறைக்கு வந்தன. ஒருவர் தம் தையல் இயந்திரத்தை விற்று ஒப்படைத்துவிடுகிறார்; விலையை இருவரும் வேறுவேறாகப் புரிந்துகொண்டிருந்ததால் ஒப்பந்தமே ஏற்படவில்லை என்பது பிறகு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மன் சட்டம் விற்பனை ஒப்பந்தத்தையும் உரிமை மாற்றத்தையும் இரு வேறு செயல்களாகப் பிரிப்பதால், முதலாவது விழுந்தாலும் இரண்டாவது நிற்கும். இயந்திரம் வாங்கியவருடையதே, விற்றவருக்கு இருப்பது அதைத் திரும்பக் கேட்கும் கோரிக்கை மட்டுமே. இடையில் வாங்கியவர் நொடித்துப்போனால், விற்றவர் அவருக்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க நேரிடும். ஆஸ்திரியாவிலோ செல்லத்தக்க ஒப்பந்தம் இன்றி ஒப்படைப்பு மட்டும் உரிமையைத் தராது. சுவிஸ் நீதிமன்றமும் 1929-இல் அசையும் பொருள்களுக்கு இதே கொள்கையை ஏற்றது. ஆகவே இவ்விரு நாடுகளிலும் விற்றவர் உரிமையாளராகவே தொடர்ந்து, தம் பொருளை நேரடியாக மீட்கலாம்.

வணிகத்தில் அடுத்தடுத்து வாங்குவோருக்கு ஜெர்மன் முறை பாதுகாப்பானது என்பார்கள். ஆனால் நல்லெண்ணத்துடன், அதாவது விற்பவருக்கு உரிமை இல்லை என்பதை அறியாமல், வாங்கியவரை மூன்று நாடுகளின் சட்டங்களும் தனி விதிகளால் காப்பதால், அந்த வாதத்தின் வலு பெரிதும் குறைகிறது. சாதாரண மனிதரின் நியாய உணர்வுக்கு ஆஸ்திரிய, சுவிஸ் வழியே நெருக்கமானது.